மலாவிக்குப் போன விண்டர் கோட்டுகள்

எனக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல வராது. இதை ஒரு நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டே பாதி ஆயுளைக் கடத்திவிட்டேன். கல்யாணமான புதிதில் என் கணவர் இதைப் பணிவு என்றார். கொஞ்சக் காலம் போக, கோழைத்தனம் என்றார். மொன்றியலில் நடந்த அந்தக் கூத்துக்குப் பிறகு அதற்குப் பெயர் வைப்பதையே விட்டுவிட்டார்.

நாங்கள் மிஷனரிக் குடும்பம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் இறையியல் படித்து, மலாவியில் ஆற்றோரப் பள்ளத்தாக்குக் கிராமம் ஒன்றில் எட்டு வருடம் ஊழியம் செய்தோம். கணவர் அங்கே போதகர். நான் ஞாயிறு பள்ளி, தையல் வகுப்பு, பாடற்குழு, காயத்துக்கு மருந்து கட்டுதல் என்று எல்லாவற்றிலும் கையை நுழைப்பவள். மகள் ரூத் அங்கேயே பிறந்தவள். மிஷனரி என்றதும் ஜீப், குடை, வெள்ளைத் தொப்பி என்று நினைக்காதீர்கள். எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிளும் ஓயாத வயிற்றோட்டமும்தான். வெயிலோ, அப்படியொரு வெயில். எங்கள் தகரக் கூரைச் சபையில் மத்தியானப் பிரசங்கம் வைத்தால் நரகத்தைப் பற்றித் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைக் கொடுத்தாலும் மறுக்கக் கூடாது. முழங்காலை மடித்து, இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும். உடுப்பென்றால் கொடுத்தவர் கண் முன்னாலேயே போட்டுக் காட்ட வேண்டும். ‘இதுதான் எனக்குத் தேவையாயிருந்தது’ என்றும் சொல்ல வேண்டும். போன புதிதில் ஒரு தாய் கொண்டுவந்த கோழியை, ஐயோ பாவம், இல்லாத மனுஷி என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா வெகுநாள் சபைப் பக்கமே தலைகாட்டவில்லை. அன்றிலிருந்து தந்ததையெல்லாம் வாங்கினேன். வறுத்த வெட்டுக்கிளியைக்கூட வாங்கி, அங்கேயே வாயில் போட்டு, இதுதான் தேவையாயிருந்தது என்றேன். கடைசியில் யாராவது என் பக்கம் கையை நீட்டினாலே முழங்கால் தானாக மடியத் தொடங்கிவிட்டது.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரி எஸ்நாத். ஒரு மழைக்காலத்தில் அவளுக்குப் பிரசவ வலி வந்தபோது ஆறு பெருகிவிட்டது. மருந்தகம் அக்கரையில். கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு அவ்வூர்ப் பெண்கள் நாள் நெருங்கும் முன்பே ஆற்றைக் கடந்துபோய், மருந்தகத்தின் திறந்த விறாந்தையில் வாரக்கணக்காகக் கிடப்பார்கள். சாரல் அடித்தால் பாய் நனையும். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு வீடு. நாலு சுவர், மேலே கூரை, படுக்க இடம், அவ்வளவுதான். மொன்றியல் தமிழ்ச் சபை ஒரு மாதம் வந்துபோக எங்களை அழைத்தபோது எஸ்நாத் மறுபடியும் கர்ப்பமாக இருந்தாள். புறப்படும் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, “அமாயி, உங்கள் சனத்திடம் அந்த வீட்டைப் பற்றிச் சொல்வீர்களா?” என்று கேட்டாள். அமாயி என்றால் அம்மா. சொல்லுகிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மொன்றியலில் இறங்கியபோது பெப்ரவரி மாதம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எங்கள் காலில் செருப்பு, உடம்பில் பருத்தித் துணி. (குளிரும் என்று தெரியும். குளிர் என்றால் என்னவென்றுதான் தெரியாது.) எங்களை வீட்டில் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்ட ரஞ்சி அக்கா பக்கத்து நகரான புரோசார்ட்டிலிருந்து வந்து விமான நிலைய வாசலில் நின்றா. ரூத்தைப் பார்த்ததும் அலறிவிட்டா.

“ஐயோ கடவுளே, பிள்ளை விறைச்சுப்போய் நிக்குதப்பா!”

காரில் இருந்து ஊதா நிறக் கோட் ஒன்று வந்தது. முழங்கால் வரை நீளம், தலைமூடியில் நாய்க்குட்டி மாதிரி மயிர். ரூத்தைக் கம்பளியால் சுற்றிவிட்டு, அதை எனக்கு நீட்டினா. நான் பெட்டிகளுக்கு நடுவே முழங்காலை மடித்து, இரண்டு கையாலும் வாங்கி, அங்கேயே போட்டு, “இதுதானக்கா எனக்குத் தேவையாயிருந்தது” என்றேன். அது சத்தியமான உண்மை. அந்தப் பயணத்தில் நான் சொன்ன கடைசி உண்மையும் அதுதான். ரஞ்சி அக்காவின் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போனதும் சபைச் சனத்துக்கெல்லாம் சொல்ல ரெலிபோனைத் தூக்கினா.

அதற்குப் பிறகு சாப்பாட்டுக்கு அழைத்த ஒவ்வொரு வீட்டிலும் புட்டுக்கும் ஆட்டுக்கறிக்கும் பின்னால் ஒரு பை வரும்.

“தங்கச்சி, எங்கட பெரியவன் வளந்திட்டான். அவன்ர கோட் சும்மா கிடக்கு. உங்கட ஊர்ப் பிள்ளையளுக்கு உதவும்தானே?”

“ஓம் அண்ணை, இதுதான் தேவையாயிருந்தது.”

கோட்டோடு நின்றதா? கம்பளித் தொப்பி வந்தது. கையுறை வந்தது. பனியில் நடக்கிற பூட்ஸ் வந்தது. ஒரு வீட்டில் ஐஸில் சறுக்கி ஓடுகிற சப்பாத்தைத் தந்தார்கள். அடியில் கத்தி வைத்தது! வழக்கத்தை விடலாமா? காலில் மாட்டி, அவர்களுடைய புதுக் கார்ப்பெட்டில் எழும்பி நின்று காட்டினேன். வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே கார்ப்பெட்டைப் பார்த்த பார்வை இன்றைக்கும் மறக்கவில்லை.

ரஞ்சி அக்காவின் பேஸ்மென்ட் நிரம்பியது. என் கணவர் படியில் நின்று அந்தக் குவியலைப் பார்த்தார்.

“இஞ்சேரும், மலாவியில ஆருக்கப்பா குளிருது?”

“அன்பாக் குடுக்கிற சனத்தை எப்பிடி நோகடிக்கிறது?”

“நோகடிக்க வேண்டாம். உண்மையைச் சொல்லும்.”

“ஞாயிற்றுக்கிழமை மேடையில சொல்லுறன்.”

ரூத் இன்னும் நேராகக் கேட்டாள். “அம்மா, இவையள் எங்கட ஊரிலயும் ஸ்நோ எண்டு நினைக்கினம். நீங்கள் ஏன் ஒண்டும் சொல்லேல்லை?” பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே வராதே என்று அவள் வாயை அடைத்தேன். அதுதான் நான் அந்த மாதம் செய்த ஒரே துணிச்சலான காரியம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நம்பித்தான் நாங்கள் வந்ததே. மொன்றியல் சபை ஒவ்வொரு வருடமும் வெளியூர் ஊழியத் திட்டம் ஒன்றை ஏற்றுச் செய்யும். ஒன்றுதான். அது எங்கள் தாய்மார் வீடாக இருக்க வேண்டும். பிரசவக் கதையை ஆம்பிளை மேடையில் கதைத்தால் எடுபடாது, நீர் கதையும் என்று கணவர் சொல்லிவிட்டார். நான் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் பண்ணினேன்.

சபை கூடுவது ஒரு பிரெஞ்சுத் தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில். பின்னால் ரோல்ஸும் தேநீரும் தயாராகிக்கொண்டிருந்தன. மேடைக்குப் பின் திரை மூடியிருந்தது. நான் மைக்கைப் பிடித்து ஆற்றைப் பற்றிச் சொன்னேன். கரையில் உட்கார்ந்திருந்த எஸ்நாத்தைப் பற்றிச் சொன்னேன். நனைந்த பாயைப் பற்றிச் சொன்னேன். முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். என் குரல்கூட நடுங்காமல் நின்றது. “எங்களுக்கு இப்ப தேவை…” என்று ஆரம்பித்தேன்.

“தங்கச்சி, மன்னிக்கோணும். இடையில வாறன்.”

சபைச் செயலாளர் செல்வராஜா அண்ணை. டவுன்டவுன் ரெஸ்ரோறன்ட் ஒன்றின் சமையலறையை ஆட்டிப் படைக்கிற மனிதர், குரலுக்கு மைக்கே தேவையில்லை.

“உங்களுக்கு என்ன தேவையெண்டு நீங்கள் கேட்டு நாங்கள் செய்யிறதோ? எங்களுக்குத் தெரியாதோ? வீடு வீடா வந்து சொன்னனீங்கள்தானே! இழுங்கோ திரையை!”

திரை விலகியது. கோட்டுகள். எனக்குத் தெரியாமல் சபை சேர்த்தது, மேசை போட்டு, அதன் மேல் அடுக்கி, கூரை முட்டக் கோட்டுகள்.

“இந்த வருசத் திட்டம் இதுதான். கப்பலில அனுப்புற செலவு முழுக்கச் சபை ஏற்குது. அந்தத் தாய்மாருக்கு இனிக் குளிராது!”

கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. அது அடங்குவதற்குள் மேரி அன்ரி மேடைக்கு ஏறி வந்தா. புருஷனை இழந்து தனியாக வாழ்கிற வயதான மனுஷி. கையில் ஆண்கள் போடுகிற நீளமான கறுப்புக் கோட்.

“இது அவற்ற. இஞ்ச வந்த முதல் விண்டருக்கு வாங்கினது. அவர் போனாப்போல இதை ஒருத்தருக்கும் குடுக்க மனம் வரேல்லைப் பிள்ளை. நீர் கொண்டுபோம்.”

ஒரு சொல் போதும். ‘வேண்டாம் அன்ரி, எங்களுக்கு வீடுதான் வேணும்.’ அதை எத்தனை தரம் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்திருப்பேன்! வாயைத் திறந்தேன். எஸ்நாத்தின் முகம் வந்தது, அவள் பிடித்த கை வந்தது. அந்த நேரம் பார்த்து என் பாழாய்ப்போன முழங்கால் மடிந்தது. இரண்டு கையையும் ஏந்தி வாங்கினேன். போட்டுக்கொண்டேன்.

“இதுதான் அன்ரி, எங்களுக்குத் தேவையாயிருந்தது.”

சபை முழுக்க எழுந்து நின்றது. என் கணவர் முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். ஜெபிக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக் கோட்டோடு வீட்டுக்குப் போய், ரஞ்சி அக்காவின் குளியலறையில் பைப்பைத் திறந்து விட்டுக்கொண்டு அழுது தீர்த்தேன்.

மறுநாள் கணவர் செயலாளரைத் தேடிப் போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார். “எல்லாம் பேசி முடிஞ்சுதாம். அடுத்த வருசம் பாப்பமாம். ‘பாஸ்டர், உங்கட மனுசிதானே உதுதான் தேவையெண்டு வாயால சொன்னவ’ எண்டு கேக்கிறார். நான் என்ன சொல்ல?” என்றார். அடுத்த வருடம் வேறு யாரோ வந்து வேறு எதையோ கேட்டார்கள், அது வேறு கதை.

கப்பலில் போனது போக மிச்சத்தை நாங்கள் கொண்டுபோக வேண்டியதாயிற்று. ரஞ்சி அக்காவின் கணவர் குணம் அண்ணை டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. அவர் ஒரு வழி சொன்னார்.

“பெட்டியைத்தான் நிறுப்பினம். ஆளை நிறுக்கமாட்டினம். போட்டுக்கொண்டு போங்கோ.”

ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டோம். ரூத்தால் கையைக் கீழே இறக்க முடியவில்லை, சிலுவையில் நிற்கிற மாதிரியே விமானம் ஏறினாள். மலாவியில் கதவு திறந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி வெக்கை முகத்தில் அடித்தது. கழற்றி வைக்கக் கையில் இடமில்லை. வேர்வை சப்பாத்துக்குள் ஓட, பெரிய உருண்டைகள் மூன்றாக ஊர்போய்ச் சேர்ந்தோம்.

பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு எதிரே வந்தார்கள். எஸ்நாத் பின்னால் மெதுவாக வந்தாள், நிறைமாதம். என் முகத்தையே பார்த்தாள்.

“வீடு கிடைக்கவில்லை, எஸ்நாத்” என்றேன். “இதைத் தந்தார்கள்.” மேரி அன்ரியின் கறுப்புக் கோட்டைக் கழற்றி நீட்டினேன்.

அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. அந்த வயிற்றோடு முழங்காலை மடித்தாள். இரண்டு கையாலும் வாங்கினாள். அந்தக் கொதிக்கிற வெயிலில் போட்டுக்கொண்டாள். வயிற்றுக்கு மேல் பொத்தான் பூட்ட வரவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. என்னைப் பார்த்து, அவ்வளவு அன்பாக, “இதுதான் அமாயி, எனக்குத் தேவையாயிருந்தது” என்றாள்.

மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து வாங்கிப் போட்டுக்கொண்டு அதையே சொன்னார்கள். மாமரத்துக்குக் கீழே மயிர்த்தொப்பிகள் வரிசையாக நின்றன. அந்த வசனத்தின் விலை என்னவென்று என்னை விட நன்றாக யாருக்குத் தெரியும்? நானே மொன்றியல் முழுக்க அதைச் சொல்லி விற்றவள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமாக நாங்கள் கொடுத்ததையெல்லாம் இந்த ஊர் இப்படித்தான் வாங்கியது. என் தையல் வகுப்பு, நான் கற்றுக்கொடுத்த நாலு குரல் பாட்டு, கிறிஸ்து பிறப்புப் பண்டிகை நாடகம் எல்லாவற்றுக்கும் முழங்கால் மடிந்தது, இரண்டு கை ஏந்தியது, இதே வசனம் வந்தது. நான் பூரித்துப்போய் அதைச் சபைக் கடிதங்களில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

எஸ்நாத்துக்கு அந்த விறாந்தையில்தான், சாரலுக்கு நடுவில், கறுப்புக் கோட்டை விரித்துப் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளை தங்கியது, தேவனுக்குத் தோத்திரம். அதை வைத்து என்னைத் தேற்ற வராதீர்கள். நாங்கள் அந்த ஊரில் இருந்த வரை வீடு எழும்பவில்லை.

இப்போது நாங்களும் புரோசார்ட்டில்தான் இருக்கிறோம். ரூத் பெரிய பெண்ணாகி, கல்யாணமும் முடித்துவிட்டாள். எங்கள் வீட்டில் நான் எதையாவது பாராட்டினால், முகத்துக்காகச் சொன்னதா மனதாரச் சொன்னதா என்று அறிய உடனே ஒரு கேள்வி வரும். ரூத் பிறந்தநாளுக்குச் சேலை வாங்கித் தந்து, நான் அருமை என்றால், “அம்மா, கோட்டோ வீடோ?” என்பாள். மருமகன் மீன்குழம்பு வைத்துவிட்டு, “மாமி, கோட்டோ வீடோ?” என்பார். கணவர்கூடப் பிரசங்கம் முடித்து வந்து காருக்குள் மெதுவாக அதையே கேட்பார். “வீடு, வீடு” என்று நான் சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

எஸ்நாத் இடைக்கிடை ரெலிபோனில் கதைப்பாள். “நீங்கள் இங்கே இருந்த காலம் எங்களுக்கு எவ்வளவு நல்ல காலம், அமாயி” என்பாள். கோட்டோ வீடோ என்ற அந்தக் கேள்வி என் நாக்கு நுனி வரை வரும். இன்று வரை அவளிடம் கேட்டதில்லை.