ஒன்பதாம் எண் கொடி

மூன்றாவது நாளும் பேட் காயவில்லை.

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு செயலாளர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். உடம்பில் இருந்தது போக ஆறு. துவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் துணி பேட். சாம்பல் நிறம், நீல ஓரம், உள்ளே நாலு அடுக்கு. ப்ராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச காலம் தும்மினால், சிரித்தால், கனமாக எதையாவது தூக்கினால் சிறுநீர் கசியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிரிப்பது செயலாளருக்குப் பழக்கமில்லை. ஆனால் கோப்பு தூக்காமல் அவரால் இருக்க முடியாது.

பேட்டோடு வந்த தாளில் தெளிவாகப் போட்டிருந்தது: வாசனைத் திரவத்தில் அலசாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், நல்ல வெயிலில் உலர்த்துங்கள். முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதற்குக் குறுக்கே நின்றவர் செயலாளரேதான்.

பதினாலு வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பின் அறுபத்திரண்டு விதிகளையும் எழுதியவர் அவர். பதினேழாம் விதி: பால்கனியில் துணி காயப்போடக் கூடாது. பதினெட்டாம் விதி: மொட்டை மாடியில், அவரவர் வீட்டு எண் எழுதிய கொடியில் மட்டுமே காயப்போட வேண்டும். மீறுகிறவர் பெயர் அறிவிப்புப் பலகையில் சிவப்பு மையில் ஏறும். ஒரே ஒரு கைக்குட்டைக்காக இரண்டாம் மாடிப் பல் டாக்டரின் பெயர் நாலு நாள் அங்கே இருந்தது. அன்றிலிருந்து பல் டாக்டர் அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டுவதில்லை.

செயலாளர் வீடு ஐந்தாம் எண். ஐந்தாம் எண் கொடியில் ஆறு பேட் தொங்கினால் அது துணி இல்லை, சுற்றறிக்கை.

கதவு தட்டப்பட்டது.

"ஏங்க, உள்ள ஒரு மாதிரி வாடை வருதே. எலி கிலி செத்துக் கிடக்கா?"

மனைவியிடமும் அவர் சொல்லவில்லை. 'அதெல்லாம் நின்னுபோச்சு' என்று மூன்று மாதத்துக்கு முன்பே அறிக்கை கொடுத்துவிட்டார். முப்பத்தோரு வருடத்தில் ஒரு பனியனைக்கூட அலசாத மனிதர் தினமும் பக்கெட்டோடு உள்ளே போவதற்கு, டாக்டர் கைக்குப் பயிற்சி சொல்லியிருக்கிறார் என்று காரணம் சொல்லியிருந்தார். "நல்லது. முடிஞ்சதும் பக்கெட்டைக் கவுத்து வைங்க" என்பதோடு மனைவி விட்டுவிட்டார்.

"ஆமா, எலியாத்தான் இருக்கும்" என்றார் செயலாளர்.

"அப்படியா? இருங்க, வாட்ச்மேனை வரச் சொல்றேன். பரண்ல ஏறிப் பாக்கட்டும்."

எலியைச் சாகடித்த இரண்டே நிமிடத்தில் அது உயிரோடு வந்து கடித்தது. செயலாளர் ஆறையும் பக்கெட்டில் அமுக்கி, மேலே துண்டைப் போர்த்தி, மாடிப்படி ஏறினார்.

மேலே கொளுத்தும் வெயில். ஒன்பதாம் எண் கொடி காலியாகக் கிடந்தது. அந்த வீட்டுக்காரர் வெளிநாடு போய் ஆறு வருடம். பூட்டிய வீட்டின் கொடியைக் கேட்க யார் வரப்போகிறார்கள்? மாட்டிவிட்டு இறங்கினார். மூன்று மணி நேரத்தில் ஆறும் அப்பளமாகக் காய்ந்துவிட்டன. தீர்மானம் ஒன்றைத் தனி ஆளாக நிறைவேற்றிய நிறைவு அவருக்கு. மறுநாளும் அப்படியே.

அதற்கடுத்த நாள், சனிக்கிழமை. படிக்கட்டுக்குக் கீழே ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்ட இடத்துக்குச் 'சங்க அலுவலகம்' என்று பெயர். மறுநாள் நாலு மணிக்கு ஆண்டுப் பொதுக்குழு. செயலாளரும் பொருளாளரும் நிகழ்ச்சி நிரலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் வந்து நின்றார்.

"சார், ஒன்பதாம் நம்பர் கொடியில துணி காயுது."

"ஒன்பதுல ஆளே கிடையாதே!" என்றார் பொருளாளர்.

"அதனாலதான் சார் சொல்றேன்."

"என்ன துணி?"

"பட்டையா, கொஞ்சம் தடிமனா இருக்கு. சாம்பல் கலரு, நீல ஓரம்."

பொருளாளரின் முகம் வெளுத்தது. விதிமீறலைக் கேட்டால் இப்படி அதிர்கிற ஆள் இன்னும் நாலு பேர் இருந்தால் சங்கம் எங்கேயோ போய்விடும் என்று செயலாளர் நினைத்துக்கொண்டார். கூடவே அவர் மூளையும் வேலை செய்தது. வாட்ச்மேனைக் கீழே எங்காவது அலைய விட்டால், அந்த இடைவெளியில் மேலே ஓடி ஆறையும் மீட்டுவிடலாம்.

"ஒரு கொடியோட விடக் கூடாது" என்று மேசையைத் தட்டினார். "கட்டடம் பூரா சோதனை போடணும். இந்த மாதிரித் துணி எங்க இருந்தாலும் பறிமுதல். முதல்ல மோட்டார் ரூம்ல ஆரம்பி. மாடி கடைசி."

"மோட்டார் ரூமா?" பொருளாளர் எழுந்தே விட்டார். "அங்க என்ன சார் இருக்கப்போவுது? மாடியில ஆரம்பிக்கட்டும். மோட்டார் ரூமை நானே பாத்துக்கறேன்."

"முறைன்னு ஒண்ணு இருக்கு சார். கீழ இருந்துதான் மேல போகணும்."

"தண்ணியே மேல இருந்துதான் கீழ வருது!"

நிர்வாகிகளுக்குள் கருத்து வேறுபாடு வந்தால், முடிவு எட்டும்வரை யாரும் இடத்தைவிட்டு எழுந்து போகக் கூடாது என்பது நாற்பதாம் விதி. இருவரும் எழாமல், விடாமல், முக்கால் மணி நேரம் வாதாடினார்கள். முடிவு எட்டியபோது வாட்ச்மேன் கட்டடம் முழுவதையும் முடித்துவிட்டு ஒரு சாக்கு மூட்டையோடு எதிரே நின்றார்.

மூட்டை செயலாளர் எதிர்பார்த்ததைவிடப் புஷ்டியாக இருந்தது. ஈரத்தில் உப்பியிருக்கும் என்று நினைத்தார்.

"அவுத்து எண்ணிக் காட்டட்டுமா சார்?"

"தொடாதே! சுகாதாரப் பிரச்சினை. அவுக்கவும் கூடாது, எண்ணவும் கூடாது!"

"கூடவே கூடாது" என்றார் பொருளாளர். பதினோரு வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

இப்போது செயலாளரிடம் மிச்சம் இருந்தது உடம்பில் இருந்த ஒன்று மட்டும். அது மாலைவரைகூடத் தாங்காது. புதிதாகத் தபாலில் வரவழைத்தால் ஒரு வாரம் ஆகும். பொதுக்குழுவோ மூன்று மணி நேரம். மேடையில், மைக் முன்னால், தலைக்கு மேல் குழல்விளக்கு. நடுவில் எழுந்து போகலாம் என்றால், குறைந்தபட்ச வருகை, அதாவது கோரம், கெடுகிறது என்று நாற்பத்தொன்றாம் விதியைப் போட்டு எல்லோரையும் நாற்காலியில் அறைந்ததும் அவர்தான். நாலாவது முறையாகச் செயலாளராகத் தேர்வாகவேண்டிய மனிதர், ஏற்புரைக்கு எழும்போது வெளிர்நிறப் பேன்ட்டில் ஒரு கறையோடு எழுந்தால்?

அவசரக் கூட்டத்தைக் கூட்டினார். பொருளாளர், பல் டாக்டர், நாலாம் மாடி டீச்சரம்மா, தன்னையும் சேர்த்து நால்வர். மூட்டையை மேசையின் நடுவில் வைத்திருந்தார்கள்.

"விதிப்படி, உரிமை கோரப்படாத பொருளை எரிச்சுடணும்" என்றார் செயலாளர். யாராவது எதிர்க்கட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார்.

"எரிக்கிறதா!" டீச்சரம்மா பதறினார். "நாலடுக்குத் துணி சார் அது! பதமா அலசி, பக்குவமாக் காய வெச்சா ரெண்டு வருஷம் உழைக்கும். நெருப்புல போடறேன்றீங்களே!"

"உங்களுக்கு எப்படித் தெரியும் நாலடுக்குன்னு?" என்றார் பல் டாக்டர்.

"பாத்தாத் தெரியாதா? முப்பது வருஷம் தையல் கிளாஸ் எடுத்திருக்கேன்."

மூட்டை கட்டியபடியேதான் இருந்தது. அதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

"மருத்துவக் கண்ணோட்டத்துலயும் எரிக்கிறது சரியில்ல" என்றார் பல் டாக்டர், மேசை விளிம்பைப் பார்த்தபடி. "ஏதோ ஒரு பெரியவர். அவசரத்துக்கு... பாவம்."

"நாளைக்குப் பொதுக்குழு வேற" என்றார் பொருளாளர். "மூணு மணி நேரம்."

நால்வரும் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். மனிதாபிமான அடிப்படையில் ஒரு சலுகை தரலாம் என்றார். ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து மூன்றுவரை மூட்டை வாட்ச்மேன் அறையில் இருக்கும். உரியவர் வந்து எடுத்துக்கொள்ளலாம். பெயர் கேட்கப்படாது. கேமரா அணைக்கப்படும். வாட்ச்மேன் கேட்டைப் பார்த்து, அறைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். என்ன சத்தம் கேட்டாலும் திரும்பக் கூடாது.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சங்க வரலாற்றிலேயே இதுதான் முதல்முறை. இத்தனை பெரிய மனதை இந்தச் சங்கத்தில் தன் தலைமை வளர்த்திருக்கிறதே என்று செயலாளருக்கு நெஞ்சு விம்மியது. வேறு எதுவும் விம்மாமல் பார்த்துக்கொண்டார்.

ஞாயிறு. மதியம் இரண்டு அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போதே தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வீட்டில் மனைவி இல்லை. தினமும் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு, முட்டிவலிக்கு வெயில் நல்லது என்று மாடிப் பக்கம் போய்விடுவார். கட்டடத்தில் இருக்கிற எல்லாப் படியையும் ஏறி இறங்கி என்ன முட்டிவலி வைத்தியமோ என்று செயலாளர் நினைப்பதுண்டு.

முதல் மாடித் திருப்பத்தில் பொருளாளர் ஒரு பையோடு எதிரே வந்தார்.

"எங்க சார், இந்த வெயில்ல?"

"சும்மா, வாக்கிங். நீங்க?"

"நானும் வாக்கிங்தான்."

பொருளாளர் வாக்கிங் போகும்வரை செயலாளர் திரும்பி மேலே ஏறினார். மறுபடி இறங்கினால் டீச்சரம்மா, நியூஸ்பேப்பரில் சுற்றிய பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி. "பழைய பேப்பர் போடப் போனேன், கடை லீவு." அடுத்து பல் டாக்டர், மருத்துவப் பெட்டியோடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் யாருக்கோ பல்வலி. ஒவ்வொரு முறையும் செயலாளர் ஏதோ மறந்துவிட்டவர்போல நெற்றியைத் தட்டிக்கொண்டு மேலே ஏறினார். ஏறியது, இறங்கியது, தட்டியது எல்லாம் சேர்ந்து, உடம்பில் இருந்த கடைசிப் பேட்டும் தன் பதவிக்காலத்தை முடித்துக்கொண்டது.

மூன்றடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது வாட்ச்மேன் அறைக்குள் நுழைந்தார்.

சாக்கு தட்டையாகக் கிடந்தது. உதறிப் பார்த்தார். உள்ளே ஒரு நூல்கூட இல்லை.

விதியையும் மறந்து வெளியே வந்தார். வாட்ச்மேன் கேட்டைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு சிலைபோல உட்கார்ந்திருந்தார்.

"யோவ், மூட்டையை யாரோ திருடிட்டுப் போயிட்டாங்கய்யா!"

"திருடல சார்" என்றார் வாட்ச்மேன், திரும்பாமல். "அவங்கவங்களோடதை எடுத்துட்டுப் போனாங்க. எடுத்த எடத்துக்கு ஒரு முடிச்சாக் கட்டித்தான் வெச்சிருந்தேன். மோட்டார் ரூம் முடிச்சு, தண்ணித் தொட்டி முடிச்சு, லிஃப்ட் ரூம் முடிச்சு... கலந்துடக் கூடாது பாருங்க."

"யாருய்யா வந்தது?"

"நான் திரும்பிப் பாக்கல சார், அது விதி. ஆனா பதினோரு வருஷமா இந்தப் படியில செருப்புச் சத்தம் கேக்கறேன். எட்டு வீடு வந்துட்டுப் போச்சு."

செயலாளர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பொருளாளரின் வாக்கிங், டீச்சரம்மாவின் பொட்டலம், டாக்டரின் பெட்டி எல்லாம் வரிசையாகப் படியிறங்கி வந்தன. பதினோரு வருடம், அறுபத்திரண்டு விதிகள். பிறகு, சற்றுத் தாமதமாக, அவருக்குத் தன் கவலை நினைவுக்கு வந்தது.

"சரி... அந்த ஒன்பதாம் நம்பர் கொடி முடிச்சு?" குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தினார். "அதை எவன் எடுத்துட்டுப் போனான்?"

வாட்ச்மேன் மணியைப் பார்த்தார். மூன்று அடித்திருந்தது. இப்போது திரும்பலாம், திரும்பினார்.

"அதை உங்க வீட்டு அம்மாதான் சார், லிஃப்ட் ரூம் முடிச்சோட சேத்து, 'அவரோடது ஆறு, என்னோடது நாலு'ன்னு சத்தமா எண்ணிக் கூடையில போட்டுட்டுப் போனாங்க."