பறுவத்துப் பேயும் காற்றுச் சக்கரமும்

பறுவம் வந்தால் பேய் வரும். பேய் வந்தால் பேயோட்டி இன்னாசிப்பிள்ளை வருவார். கற்பிட்டி வீதியில் ஜபார் முதலாளியின் இறால் பண்ணைக்கு, பேயோட்டுவதைப் பார்க்கப் பாலாவியிலிருந்துகூட ஆட்கள் பஸ் பிடித்து வந்து குவிந்தார்கள். பறுவம் எனும் முழுநிலவு நாளில், குளத்து நீருக்குக் காற்றூட்டும் காற்றுச் சக்கரங்கள் தாமாகவே நின்றுவிடும். மூச்சுமுட்டிய இறால்கள் செத்து மிதக்கும். பேயோட்டியின் முதற் கட்டளை எப்போதும் ஒன்றுதான்.

"எல்லா மெசினையும் நிப்பாட்டுங்கோ! பேய்க்குச் சத்தம் ஆகாது!"

மந்திரம் முடிந்ததும் சக்கரங்கள் சுழலும். எவ்வளவு ஒழுக்கமுள்ள பேய்!

இம்முறை பேயின் இருப்பிடத்தையும் அவர் கண்டுபிடித்திருந்தார்: பம்பு அறையில் வேலைசெய்யும் கத்தரினா.

"கடல் கொண்டுபோன புருசன் இவளுக்குப் பின்னால திரியிறான். இவளை அனுப்பிப்போடுங்கோ."

கூட்டம் விலகி நின்று அவளைப் பார்த்தது. நேற்றுவரை அவளிடம் தேநீர் வாங்கிக் குடித்தவர்கள்தாம். வேலை போனால் பிள்ளைகளுக்கு ஒரு துண்டு பாண்கூட இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

"ஒரு கிழமை பொறுங்கோ முதலாளி" என்றாள் புதிதாக வந்த பொறியியலாளர் சுஜி.

பம்புக்காரருக்குப் பம்பு தெரியும். ஐஸ்காரருக்கு ஐஸ் தெரியும். முழுப் பண்ணையையும் அறிந்தவர் எவருமில்லை. அந்த வெற்றிடத்தில்தான் பேய் குடியிருந்தது. சுஜி ஒவ்வொருவரையும் விசாரித்து, எது எதை நம்பி ஓடுகிறது என்று முழுப் பண்ணையையும் கணினிக்குள் மாதிரியாகக் கட்டி, ஓட்டிப் பார்த்தாள். பிறகு ஊரைக் கூப்பிட்டாள்.

"இண்டைக்குப் பறுவம் இல்ல. கத்தரினா அக்கா படலைக்கு வெளியில நிக்கிறா. இப்ப பேயைக் கூப்பிடுறன்."

எல்லாப் பம்புகளையும் ஐஸ் மெசினையும் ஒன்றாக ஓடவிட்டாள். சக்கரங்கள் நின்றன. வாயிற் படலைக்கு வெளியே கத்தரினா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஐயா, மெசின் ஒண்டையும் நிப்பாட்டாமல் பேயை ஓட்டுங்கோ பாப்பம்."

இன்னாசிப்பிள்ளை தொண்டை வறளும்வரை ஓதினார். சக்கரம் அசையவில்லை.

"சத்தம்... பேய்க்கு ஆகாது பிள்ளை."

"பேய்க்கோ, மின்சாரத்துக்கோ?"

ஐஸ் மெசினை மட்டும் நிறுத்தினாள். சக்கரங்கள் சுழன்றன.

"பறுவத்தில களப்பு நீர் நல்லா ஏறும். அண்டைக்குத்தான் எல்லாப் பம்பும் ஓடும். அதோட ஐஸ் மெசினும் ஓடினால் மின்சாரம் தாங்காது. காவல் சுவிட்ச் சக்கரத்தை நிப்பாட்டிரும்; பாரம் குறைஞ்சால் தானாகவே திரும்ப ஓடவிடும். இது கணினி மாதிரியில முதலே தெரிஞ்சது."

ஜபார் முதலாளி பேயோட்டியை உற்றுப் பார்த்தார். "நீங்க முந்தி சிலாபத்துல எரிஞ்ச மோட்டருக்குக் கம்பி கட்டினவர்தானே? தெரிஞ்சிட்டுத்தான் நிப்பாட்டச் சொன்னீங்களா?"

பேயோட்டி தம் செருப்பைத் தேடினார்.

மறுநாள் காலை பம்பு அறையைத் திறக்க வந்த கத்தரினா, கணினிக்கு முன்னால் கூட்டத்தைக் கண்டாள். பெட்டிக்கு மாலை, பக்கத்தில் சாம்பிராணிப் புகை. அவள் மாலையைக் கழற்றி எறிந்தாள்.

"கும்பிடுறதுக்கு மட்டுமோ கழுத்துக்கு மேல தலை வச்சிருக்கிறீங்கள்? ஒருக்கா நிமித்தி யோசிச்சும் பாருங்கோ!"