கரடி கொடுத்த சீரியல் நம்பர்

ஒரு காட்டில் மாசிலாமணி என்றொரு கரடி குடும்பத்தோடு வாழ்ந்து வந்தது. குடும்பம் என்றால் மனைவி செண்பகவல்லியும், ஹாலில் இருந்த வீடியோ ரெக்கார்டர் பெட்டியும்தான். டிவியில் ஓடுவதைப் பிடித்து வைத்து, கேட்கும்போது போட்டுக் காட்டும் அந்தப் பெட்டியை மாசிலாமணி தினமும் தன் வாலாலேயே தூசி தட்டும். கரடிக்கு ஏது அவ்வளவு நீள வால் என்று கேட்டுக் கதையைக் கெடுக்காதீர்கள்.

செண்பகவல்லியின் தங்கைக்குப் பிரசவம். அம்மா வீடு இருக்கும் பக்கத்துக் காட்டுக்குக் கிளம்பியபோது, அது குகை வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னது.

"இந்த வாரத்தோட 'நாத்தனார் நாற்காலி' முடியுது. கோமாவுல கிடக்கிற கோமளா கண்ணைத் திறந்து, பாயசத்துல விஷம் வச்சது யாருன்னு சொல்லப் போறா. ஒண்ணு விடாம பதிஞ்சு வையுங்க. விட்டுப்போச்சு, வந்த கையோட அம்மா வீட்டுக்கே திரும்பிடுவேன். மார்கழிக் குளிருல நீங்க தனியாக் கிடந்து தூங்குங்க!"

செண்பகவல்லி இல்லாத குகையை மாசிலாமணியால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. மனைவி மேல் அவ்வளவு பிரியம். தவிர, தேன் எந்த டப்பாவில் இருக்கிறது என்பதும் அதற்குத் தெரியாது.

சொன்னபடி எல்லாவற்றையும் பதிந்தது. கடைசி எபிசோடும் பத்திரமாகப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது. அதோடு சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்திருந்தால் நமக்குக் கதை ஏது? 'பாவம், அவள் ஹாலுக்கும் அடுப்படிக்கும் ஓடி ஓடி சீரியல் பார்க்கிறாள். அடுப்படியிலேயே பார்க்கட்டுமே!' என்று அதற்கு ஓர் ஆசை வந்தது. உடனே பெரிய கொள்ளளவில் புதுப் பெட்டி வாங்கியது. அடுப்படியிலும் படுக்கையறையிலும் ஒரு டிவி வைத்து, ஹாலிலிருந்து ஒயர் இழுத்து, அதில் தானே இரண்டு முறை தடுக்கி விழுந்தது. வீடு முழுக்க நெட்வொர்க்! கரடிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பழைய பெட்டியைப் புதுப் பெட்டியோடு இணைக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட வேண்டுமாம். போட்டது.

"வணக்கம். தமிழுக்கு ஒன்றை அழுத்தவும். பிளிறலுக்கு இரண்டை அழுத்தவும். ஊளைக்கு மூன்றை அழுத்தவும்."

ஒன்றை அழுத்தியதும் ஒரு குயிலை வெகுநேரம் பாடவிட்டார்கள். அது தொண்டை கட்டி இருமத் தொடங்கிய பிறகு ஒரு கிளி வந்தது.

"காத்திருந்ததற்கு நன்றி சார். உங்க பழைய பெட்டியோட சீரியல் நம்பர் சொல்லுங்க."

மாசிலாமணி அசந்துபோனது. பெட்டிக்குள் சீரியல் இருக்கும் விஷயம் இதற்கு எப்படித் தெரிந்தது? "நாத்தனார் நாற்காலிங்க" என்றது.

"பேரு வேணாம் சார். நம்பர் மட்டும்."

"அதுவா? கடைசியா வந்தது எண்ணூத்தி முப்பதுங்க."

"எண்ணூத்தி முப்பது. இணைச்சாச்சு சார். இனிமே எல்லாப் பெட்டியும் ஒரே பெட்டி மாதிரி. ஒரு இடத்துல நிறுத்தினா எல்லா இடத்துலயும் நிக்கும். சிரமத்துக்கு வருந்துறோம்."

என்ன சிரமம் என்று அப்போது கரடிக்குப் புரியவில்லை. சீரியல் நம்பர் என்பது பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் சமாச்சாரம் என்பதோ, எண்ணூற்று முப்பது ஒட்டிய பெட்டி வேறு யார் வீட்டிலோ இருக்கிறது என்பதோ அதற்கு எப்படித் தெரியும்? எல்லாம் புதுசுக்கு வந்துவிட்டது என்று நம்பி, பழைய பெட்டியைத் துப்புரவாக்க உட்கார்ந்தது. 'அனைத்தையும் அழிக்கவா?' என்று பெட்டி கேட்டது. 'ஆம்' என்று அழுத்தியது. கல்யாணம் ஆனதிலிருந்து யார் எது கேட்டாலும் அதைத்தான் சொல்லிப் பழக்கம்.

பிறகு புதுப் பெட்டியைத் திறந்தால், 'கொள்ளு ரசம் வைப்பது எப்படி', 'தொப்பை குறைய எளிய ஆசனங்கள்', 'புள்ளிமானை நேசிப்போம்' என்று என்னென்னவோ வரிசையாக நின்றன. கரடிக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, கடைசியில் 'நாத்தனார் நாற்காலி' முழுசாக இருந்தது. 'ஓ, அப்கிரேட் என்றால் மேல்கொண்டு நாலு நிகழ்ச்சி இலவசமாகக் கொடுப்பார்கள் போல' என்று மனதைத் தேற்றிக்கொண்டது.

மறுநாள் செண்பகவல்லி வந்தது. அடுப்படியில் டிவியைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். பையைக்கூடக் கீழே வைக்காமல் கடைசி எபிசோடைப் போட்டது. கோமளாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் புருஷன் அழ ஆரம்பித்தான். படம் நின்றது.

"ஏங்க, எதுக்கு நிறுத்துறீங்க?"

"நான் தொடவே இல்லையே!"

படம் தானாகப் பின்னால் போனது. புருஷன் மறுபடி முதலிலிருந்து அழுதான். நின்றது. மறுபடி பின்னால் போனது.

"நான் தொடலை செண்பகம், அதுவா ஓடுது!"

"கரடி விடாதீங்க!" என்றது செண்பகவல்லி. கரடியைப் பார்த்துக் கரடியே அப்படிச் சொன்னால் மனசு எவ்வளவு பாடுபடும்! செண்பகவல்லி ரிமோட்டைப் பிடுங்கி ஓட்டியது. படம் நின்றது. மறுபடி ஓட்டியது. மறுபடி நின்றது. மூன்றாம் முறை ஓட்டியபோது காடே அதிரும்படி ஓர் உறுமல் கேட்டது. அப்படி உறும அந்தக் காட்டில் ஒருவருக்குத்தான் உரிமை உண்டு. ராஜா புலி!

சற்று நேரத்தில் புலியே கையில் ரிமோட்டோடு குகைக்குள் நுழைந்தது.

"எவன்டா என் பெட்டியை ஓட்டுறது? 'மாசிலாமணி, சமையலறை'ன்னு என் டிவியில எழுதி வருது!"

மாசிலாமணி கிளியில் தொடங்கி 'ஆம்' வரைக்கும் எல்லாவற்றையும் உளறிக் கொட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. சாவு ராஜா கையிலா, மனைவி கையிலா என்பதுதான் அதற்கு இருந்த ஒரே சந்தேகம்.

செண்பகவல்லியோ புலியின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. "ஐயோ ராஜா, அந்தப் புருஷன் அழுற இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது நீங்களா?"

புலியின் மீசை துடித்தது. "அவன் தங்கமான பையன்மா" என்றது உடைந்த குரலில். "அவனைப் போய் எல்லாரும் சந்தேகப்பட்டுட்டாங்களே!"

"உட்காருங்க ராஜா. எனக்கும் அந்த இடத்துல தாங்கலை."

மூன்றும் அடுப்படியில் உட்கார்ந்து மீதியைப் பார்த்தன. கோமளா கண்ணைத் திறந்தாள். பாயசத்தில் விஷமே இல்லை, முந்திரிதான் கெட்டுப்போயிருந்தது என்றாள். புலி வாலால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"நான் அழுதது வெளியில தெரிஞ்சா..." என்று மெல்ல உறுமியது.

"மூச்சு விட மாட்டோம் ராஜா" என்றது மாசிலாமணி, விசுவாசத்தோடு. "கொள்ளு ரசத்தையும் சொல்ல மாட்டோம். 'புள்ளிமானை நேசிப்போம்'கூட சொல்ல மாட்டோம்."

புலி முன்னங்கால்களால் முகத்தை மூடிக்கொண்டது.

மறுநாள் காலையில் காடெங்கும் தண்டோரா போட்டார்கள். தகவல் தொழில்நுட்ப மந்திரி மாசிலாமணி! அந்தப் பதவிக்கென்றே வெளிக்காட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்திருந்த நரி, "அவனுக்கு என்னய்யா தெரியும்?" என்று ஊளையிட்டது. அவனுக்கு என்ன தெரியும் என்பது ராஜாவுக்குத்தானே தெரியும்! மந்திரி குகையில் நிறைய அறைகள், அறைக்கு ஒரு டிவி. அதன்பிறகு செண்பகவல்லி அம்மா வீட்டுக்குப் போகவே இல்லை. அம்மாதான் இங்கே வந்துவிட்டது.

நீதி: உன் பெட்டியின் சீரியல் நம்பர் உனக்குத் தெரியாவிட்டால் பாதகமில்லை, ராஜா பார்க்கும் சீரியல் தெரிந்தால் போதும்.