மகாராணிக்குத் தொண்டை சரியில்லை

“நீ வாயே திறக்கக் கூடாதும்மா” என்றாள் மகள். கார் ஓட்டல் வாசலை நெருங்கிக்கொண்டிருந்தது. “ஒரு வார்த்தை போதும், கண்டுபிடிச்சிடுவாங்க. கல்யாணம் முடியற வரைக்கும்தான்.”

குரலம்மா தலையை மட்டும் ஆட்டினாள். கல்யாணச் செலவுக்கு எப்படியும் வாயைக் கட்டத்தான் போகிறோம், இப்போதே பழகிக்கொள்ளலாமே.

குரலம்மா என்பது ஸ்டூடியோவில் வைத்த பெயர். வேற்று மொழித் தொடர் ஒன்றில் வரும் மகாராணிக்கு நாலு வருஷமாகத் தமிழ்க் குரல் கொடுத்தவள் அவள். லேசுப்பட்ட மகாராணியா அது? கோட்டையை எதிரிக்கு விற்கப் பார்த்த கூடப்பிறந்த தம்பிக்கே விஷம் வைத்தவள். மருமகளைக் கோபுரத்தில் அடைத்தவள். பஞ்சத்தில் தன் நகைகளை விற்று ஊருக்குச் சோறு போட்டவளும் அவளேதான், ஆனால் அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? குரலம்மா வைத்திருந்தாள். தம்பியைக் கொல்லும் காட்சியைப் பேசி முடித்த அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

பேசும் அறையில் அவள் எப்போதும் தனிதான். மற்றவர்கள் காலையிலேயே வந்து தங்கள் பங்கைப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் குரல் ஹெட்போனில் வரும், முகம் தெரியாது. மகாராணியின் தோழிக்குப் பேசியவள் யாரோ, புண்ணியவதி. வசனத் தாளில் மூச்சு விடவேண்டிய இடமெல்லாம் பச்சைப் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டுப் போவாள். தன் வசனத்துக்கு மட்டுமில்லை, மகாராணியின் வசனத்துக்கும். தோழிக்கு என்னவோ வசனமே ஒன்றுதான். மகாராணி எதைச் சொன்னாலும் “உத்தரவு, மகாராணி.” போன வாரம் தொடர் முடிந்தபோது அந்தத் தோழிதான் பாலில் விஷம் கலந்து மகாராணியின் கதையையே முடித்தாள்.

இந்தக் குரலால் வெளியே கிடைத்த மரியாதைக்குக் குறைவில்லை. கியாஸ் கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு மணி நேரத்தில் சிலிண்டர் வந்து நிற்கும். வீட்டில் மட்டும் அது எடுபடாது. ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதீர்கள் என்று கணவரிடம் இருபத்தேழு வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

மாப்பிள்ளைப் பையனின் அம்மாதான் இப்போது பிரச்சினை. அந்தத் தொடர் வந்தாலே அவர் டிவியை அணைத்துவிடுவாராம், பையனே சொல்லியிருந்தான். மருமகளைக் கோபுரத்தில் அடைத்தவளின் குரல்தான் சம்பந்தி என்று தெரிந்தால் என்ன ஆகும்? மகளின் பயம் நியாயமானதுதான். ஆனாலும் குரலம்மாவுக்கு வலித்தது. நாலு வருஷமாக மகளின் காலேஜ் பீஸ் கட்டியதும் இதே குரல்தான்.

ஓட்டலில் பையன் வீட்டார் முன்பே வந்து காத்திருந்தார்கள். பையனின் அப்பா மருந்துக் கடைக்காரர், வாய் ஓயாமல் பேசினார். சம்பந்தியம்மா கை கூப்பியதோடு சரி, உதட்டைப் பிரிக்கவில்லை. அவள் அதிகம் பேச மாட்டாள் என்றார் மருந்துக் கடைக்காரர்.

“அம்மாவுக்குத் தொண்டை சரியில்ல” என்று மகள் முந்திக்கொண்டாள்.

அதோடு விட்டிருந்தால் தேவலை. குரலம்மாவின் கணவர் நிலம் அளக்கும் சர்வேயர். எதையும் எல்லை வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர். “சாதாரணமா இல்ல சார். ஆறு மாசமாவே இப்படித்தான்” என்றார்.

மருந்துக் கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன மாத்திரை, எத்தனை வேளை, எந்த டாக்டர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மகள் கிருமி என்றாள். அதே நேரத்தில் சர்வேயர் ஆபரேஷன் என்றார். கிருமிக்கு எதற்கு ஆபரேஷன் என்று மருந்துக் கடைக்காரர் கேட்க, கிருமி பெரிசு சார் என்றார் சர்வேயர். பையன் தன் தண்ணீர் டம்ளரைச் சத்தமில்லாமல் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டான்.

இனி பொறுப்பதற்கில்லை என்று குரலம்மா கைப்பையைத் துழாவி ஒரு தாளை எடுத்தாள். “பயப்பட ஒன்றுமில்லை. உங்களைப் பார்த்ததில் ரொம்ப மகிழ்ச்சி” என்று எழுதிச் சம்பந்தியம்மாவிடம் நீட்டினாள்.

சம்பந்தியம்மா படித்தார், சிரித்தார். பிறகு தாளைத் திருப்பினார். சிரிப்பு அப்படியே நின்றது.

அப்போதுதான் அது என்ன தாள் என்று குரலம்மாவுக்கு உறைத்தது. பழைய வசனத் தாள். பின்பக்கத்தில், “அவளைக் கோபுரத்தில் அடையுங்கள். மூன்று நாள் தண்ணீர்கூடக் காட்டாதீர்கள்” என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

சம்பந்தியம்மா அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்தார். குரலம்மாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். சாட்சிக்கு எடுத்து வைக்கிறார் என்று நினைத்தாள் குரலம்மா.

சூப் வந்தது. பட்ட காலிலே படும் என்பார்களே, சுவரிலிருந்த டிவியில் சத்தமில்லாமல் அந்தத் தொடரின் கடைசிக் காட்சி மறுபடியும் ஓடியது. தோழி பால் கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

குரலம்மா கணவரின் காலை மிதித்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டு டிவியைப் பார்த்துச் சொன்னார்.

“உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணினா பாருங்க. பாதகி.”

வீட்டில் ஒரு நாளும் மனைவியைப் பாராட்டாத மனுஷர். மகாராணி செத்த அன்று மட்டும் ராத்திரி சாப்பிடவில்லை. அந்தப் பிரியத்தைக் காட்ட இதுதானா நேரம் என்று குரலம்மா தவித்தாள்.

மருந்துக் கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். “தோழியைச் சொல்றீங்களா? அவ பிள்ளையைப் பிடிச்சு வச்சு மிரட்டினாங்க சார். பெத்தவ என்ன செய்வா?”

“அதுக்கு? உப்பிட்டவங்களை மறக்கலாமா?”

“உங்க மகாராணி கூடப்பிறந்தவனுக்கே விஷம் வச்சா. அது ராஜதந்திரம், இது துரோகமா?”

“அவ நாட்டுக்காகச் செஞ்சா.”

“இவ பிள்ளைக்காகச் செஞ்சா.”

சம்பந்தியம்மா குனிந்த தலை நிமிரவில்லை. இருவரும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே போனார்கள். மகளும் பையனும் பேச்சை மாற்றிப் பார்த்தார்கள். மண்டபம், தேதி, விருந்து என்று என்னென்னவோ சொன்னார்கள். சர்வேயர் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. மகாராணிக்கு ஒரு பங்கம் என்றால் அவருக்கே வந்தது போலச் சிவந்துவிட்டார். கடைசியில், அந்தத் தோழி எதிரே வந்தால் மூஞ்சியிலேயே விழிக்க மாட்டேன் என்று மேசையைத் தட்டினார்.

மருந்துக் கடைக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “எழுந்திரு, போலாம். இவங்களோட நமக்குச் சரிப்படாது” என்றார் மனைவியிடம். பையன் அப்பாவின் கையைப் பிடித்தான், அவர் உதறினார். மகளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் இறங்கியது.

பெற்ற வயிறு கேட்குமா? குரலம்மா எழுந்து நின்றாள்.

“நில்லுங்கள்.”

ஓட்டலே நின்றது. தட்டோடு வந்த சர்வர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். பக்கத்து மேசையில் ஒருவர் கரண்டியை வாய்க்கு அருகே வைத்தபடி அப்படியே உறைந்துவிட்டார். மருந்துக் கடைக்காரர் போக எழுந்ததையும் மறந்து மெல்ல உட்கார்ந்தார்.

“என் அனுமதியில்லாமல் இந்தச் சபையை விட்டு ஒருவரும் அசையக் கூடாது. இந்தத் திருமணம் நடந்தே தீரும்” என்றாள் குரலம்மா. வந்த வேகத்தில் கணவர் பக்கமும் திரும்பினாள். “ஈரத் துண்டு இனிமேல் கொடியில்தான் கிடக்க வேண்டும்.”

சர்வேயர் தலையாட்டினார்.

பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்குப் புரிந்தது. மகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். எல்லாம் போயிற்று, என் பெண்ணின் வாழ்க்கையை நானே கெடுத்தேன் என்று நினைத்தாள் குரலம்மா.

எதிரே சம்பந்தியம்மா மெதுவாக எழுந்தார். கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்து மேசைமேல் வைத்தார். அதிலிருந்த பச்சைப் புள்ளிகளை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார். நாலு வருஷமாக ஹெட்போனில் மட்டுமே கேட்டிருந்த குரல், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

“உத்தரவு, மகாராணி.”