நானூறு மைல் விளக்கம்

மனிதர்களில் விளக்கர் என்றொரு வகை உண்டு. கேட்டால் சொல்பவர் ஆசிரியர். கேளாமலே சொல்பவர் விளக்கர். தெரிந்ததைச் சுருக்கமாகவும் தெரியாததை விரிவாகவும் சொல்வது அவர் வழக்கம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பர்மாவில் விளைகிற விளக்கருக்கு ஈடு கிடையாது, ஏனென்றால் இங்கே அவருக்கு அனாடே என்றொரு உரம் கிடைக்கிறது. முகத்துக்கு நேரே மறுத்தால் எதிராளியின் மனம் நோகுமே என்று ஒரு கூச்சம் வருமல்லவா, அதற்குத்தான் இந்த நாட்டில் அப்படிப் பெயர். சூரியன் மேற்கே உதிக்கும் என்று ஒரு பெரியவர் சொன்னால், நாங்கள் "அப்படியா ஐயா?" என்று மேற்கே திரும்பி உட்கார்ந்து விடியும்வரை காத்திருப்போம்.

மாண்டலேயில் எங்கள் பக்கத்து வீட்டு ராதாமணி அக்காவின் மகன் பாலசந்தருக்கு ரங்கூனில் போன் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ்பால் ஆடுகிறான். நாலு வருஷமாக ஆடுகிறான். அக்கா ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. "ஒரே ஒரு தரம் அவன் மட்டையைப் புடிச்சு நிக்கறத என் கண்ணால பாத்துட்டா போதும் தம்பி" என்று என்னிடம் சொல்லாத நாளில்லை. கடைசியில் தை மாதம் ஒரு வேன் பேசினோம். ஓட்டுநர் ஜுல்ஃபிகர், அக்கா, நான். வழி காட்ட ஆள் வேண்டுமே என்று தானாகவே ஏறிக்கொண்டவர் சிவநாதன் அண்ணன், நகராட்சித் துப்புரவுப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாண்டலேயிலிருந்து ரங்கூனுக்கு ஒரே நேர்சாலை. அதில் வழி தவறுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

வேன் ஊர் எல்லையைத் தாண்டவில்லை, அண்ணன் ஆரம்பித்துவிட்டார். வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகிற நாட்டில் ஸ்டியரிங்கும் ஏன் வலப்பக்கமே இருக்கிறது என்பதை இருபது வருஷமாக அதே ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற ஜுல்ஃபிகருக்கு விளக்கினார். நூற்றுப் பதினைந்தாவது மைலில் இறங்கி, மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியா விற்கிற அம்மாளுக்கு மொஹிங்காவில் என்ன மீன் போடுகிறார்கள் என்று விளக்கினார். அவர் சொன்னது வேறு மீன். அந்த அம்மாள் என்ன செய்தாள்? "ஹொக்கே, சயா" என்றாள். ஆமாம் ஐயா என்று அர்த்தம். இன்னொரு கரண்டி குழம்பும் ஊற்றினாள். விளக்கர் வளராமல் என்ன செய்வார்?

ரங்கூன் மைதானத்துக்கு வந்து சேர்ந்தோம். வாசலிலேயே ஒரு பலகை: குன்யா போட்டுக்கொண்டு உள்ளே துப்பக்கூடாது. குன்யா என்றால் சுண்ணாம்பும் பாக்கும் வைத்து மடித்த வெற்றிலைதான். பலகையைக் கண்டதும் அண்ணன் நிமிர்ந்து நின்றார்.

"துப்பினா அபராதம். என் சர்வீஸ்ல எத்தனை பேரப் புடிச்சிருக்கேன் தெரியுமா? துப்பறவன் மனுசனே இல்ல."

தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தோம். அக்காவுக்கும் எனக்கும் நடுவில் அண்ணன். பேஸ்பாலில் ஓர் அணிக்குப் பதினோரு பேர். மேட்டில் நின்று ஒருவன் பந்தை வீசுவான், இன்னொருவன் அடிப்பான், அவ்வளவுதான் விஷயம். அண்ணன் அவ்வளவோடு விடுவாரா?

"இது வேற ஒண்ணுமில்ல தங்கச்சி, கிரிக்கெட்தான். ஸ்டம்ப்ப யாரோ திருடிட்டுப் போயிட்டாங்க."

"அந்தப் பையன் ஏண்ணே முகமூடி போட்டுக் குந்தியிருக்கான்?"

"சளி. அடுத்தவங்களுக்கு ஒட்டிக்கக்கூடாதில்ல?"

பின்வரிசையில் வாஜித் என்று ஒருவர், இதே மைதானத்தில் பதினைந்து வருஷம் ஆடியவர், அதைக் கேட்டு விக்கித்துப்போனார். அண்ணன் திரும்பி, "என்ன, நான் சொல்றது சரிதானே?" என்றார். வாஜித் மைதானத்தைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார், "ஹொக்கே, சயா" என்றார்.

பாலசந்தர் மட்டையோடு வந்தான். அக்கா எழுந்தார். அதே நேரம் பார்த்து அண்ணன் செய்தித்தாளை மடியில் விரித்து, பேனாவை எடுத்து, "உக்காரு தங்கச்சி, இப்ப அவன் எங்க ஓடுவான்னு படம் போட்டுக் காட்டறேன்" என்றார். வயதில் பெரியவர் படம் வரையும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது எப்படி? அக்கா குனிந்தார். டக்கென்று ஒரு சத்தம். கூரை அதிர்ந்தது, கூட்டம் கத்தியது, பந்து வேலியைத் தாண்டிப் போயே போய்விட்டது. அக்கா நிமிர்ந்தபோது மகன் ஓடி முடித்து உட்கார்ந்துவிட்டான்.

"என்னண்ணே ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. பந்தத் தொலைச்சுட்டான். திட்டுவாங்க."

வாயை மூடுங்கள் என்று அண்ணனிடம் சொல்லத்தான் நினைத்தேன். சொன்னேனா? அனாடே விடவில்லை. அக்கா என் பக்கம் எட்டி, "நான் பாக்கலியே தம்பி" என்றார். கண் கலங்கியிருந்தது. இன்னும் ஒரே ஒரு முறைதான் பாலாவுக்கு வாய்ப்பு வரும் என்று வாஜித் மெல்லச் சொன்னார்.

அந்த வாய்ப்பு கடைசிக் கட்டத்தில் வந்தது. அண்ணன் பேனாவின் மூடியைத் திறந்தார். அக்கா தம் பையைத் திறந்து, மாண்டலேயிலிருந்து கட்டிவந்த குன்யாப் பொட்டலத்தை எடுத்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார்.

"போடுங்கண்ணே."

மரியாதையாக நீட்டினால் மறுக்க முடியுமா? அனாடே அவருக்கும் உண்டே. போட்டார். "இன்னொண்ணுண்ணே, எங்க கடைத்தெரு வெத்தல." அதையும் போட்டார். இரண்டு கன்னமும் புடைத்தன. வாய் திறந்தால் வழியும். துப்பினால் மனுசனே இல்லை. "ம்ம்! ம்ம்ம்!" என்று விரலால் காற்றில் படம் போட்டார். அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பாலசந்தர் மட்டையை வீசினான். மட்டையில் பந்து படவில்லை. மறுபடி வீசினான், படவில்லை. மூன்றாவது தரம் வீசிய வீச்சில் தொப்பி பறந்து, ஒரு முழுச் சுற்று சுற்றி, புழுதியில் உட்கார்ந்தான். அவுட். அணியே தோற்றது. அக்கா எழுந்து நின்று கை சிவக்கத் தட்டினார்.

"பாத்தியா தம்பி? மத்தவனெல்லாம் ஒரு வீச்சு, ரெண்டு வீச்சுல ஓடிடறான். எம்புள்ள மூணு தரம் வீசினான்!"

அண்ணன் கண் பிதுங்கியது. பின்னால் வாஜித் முழங்காலைப் பார்த்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "அக்கா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, மூன்றாவது குன்யாவை இரண்டு கையாலும் நீட்டினார். மகன் அவுட் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா? இன்றுவரை நான் கேட்கவில்லை.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். மேலே, பேஸ்பாலில் ஓர் அணிக்குப் பதினோரு பேர் என்று எழுதினேனே, அப்போது "இல்லையே, ஒன்பதுதானே" என்று உங்கள் உதடு அசைந்ததா? அல்லது, தெரியாமலே தலையாட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல "பதினோரு பேராம்" என்று முடிந்து வைத்துக்கொண்டீர்களா? இரண்டில் எது என்று விளக்க வேண்டாம். அக்காவின் பொட்டலத்தில் இன்னும் மீதி இருக்கிறது, வாயைத் திறங்கள்.