ஐந்நூறு இங்கி

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. மெராபி எரிமலை மீதும், என் வாயில் மிச்சமிருக்கும் நான்கு பற்கள் மீதும் சத்தியம். ஆரம்பம் முதல் கடைசி வரை எல்லாவற்றையும் கூடவே இருந்து பார்த்தவர் பக்கத்து வீட்டு துகிமின். அவர் சொன்னதைத்தான் அப்படியே எழுதியிருக்கிறேன். இந்த எழுபது வருஷத்தில் துகிமின் ஒரு பொய் சொல்லி யோக்யகர்த்தாவில் யாரும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை காலை, பதிப்பாளர் மங்காபுல் சிரேகாரின் மனைவி பூர்வாந்தி தன் வீட்டு முன்னறைக்குள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடிந்தது. தரையிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஒரே புத்தகம். 'எறும்பு கண்ட ஜாவா'. அறுநூற்று நாற்பது பக்கம், கெட்டி அட்டை, நானூற்று எண்பத்தாறு பிரதிகள்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு லஸ்மாவைப் பொண்ணு கேட்டு வர்றாங்க," என்றாள் பூர்வாந்தி. "இருபது பேர். எங்க உட்காருவாங்க?"

"நிக்கட்டும். எங்க ஊர்ல பொண்ணு கேட்டு வர்றவன் நின்னுக்கிட்டுதான் கேப்பான்."

"இது உங்க ஊர் இல்ல. சனிக்கிழமை சாயந்தரத்துக்குள்ள ரூம் காலியாகணும். இல்லேன்னா பழைய பேப்பர்காரர் வண்டியோட வருவார். நான் சொல்லி வச்சுட்டேன்."

சிரேகார் நெஞ்சில் கைவைத்தார். "எடை போட்டு அனுப்பச் சொல்றியா? பதினாலு பேர் வாங்கியிருக்காங்கடி. பதினாலு வாசகர்கள். நாளைக்கு அதுல ஒருத்தர் தெருவில என்னைப் பார்த்து, ரெண்டாம் பாகம் எப்போன்னு கேட்டா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பதில் சொல்றது?"

"அந்தப் பதினாலு பேர்ல யாரையாவது நீங்க பாத்திருக்கீங்களா?"

"லஸ்மா பாத்திருக்கா."

அது உண்மைதான். ஞாயிறு காலைச் சந்தையில் மகள் லஸ்மா ஒரு சின்ன மேசை போட்டு எறும்பை விற்கிறாள். பதினான்கு ஞாயிறு, பதினான்கு பிரதி. வாரம் தவறாமல் ஒன்று. இரண்டும் கிடையாது, சைபரும் கிடையாது. இப்படி அளந்து வாசிக்கிற ஊர் உலகத்தில் வேறு இல்லை என்று சிரேகார் பெருமைப்பட்டுக்கொள்வார். அதில் ஒரே ஒரு வாசகரையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

புத்தகத்தை எழுதியவர் ஒரு சர்க்கரை ஆலையில் எடை பார்த்து ஓய்வு பெற்ற குமாஸ்தா. ஜாவாவின் ஆயிரம் வருஷத்துக் கதையை ஓர் எறும்பு சொல்வதாக எழுதியிருந்தார். கடைசிப் பிழைதிருத்தம் முடித்த மறுநாள் போய்ச் சேர்ந்துவிட்டார். வாங்காமல் போனதற்கு நியாயமான காரணம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

மற்றவர்கள் வைத்திருந்தது 'இங்கி'.

ஜாவாக்காரர் வாயில் 'இங்கி' என்றால் 'ஆமாங்க' என்று அகராதி சொல்கிறது. அகராதி தொகுத்தவர் ஜாவாவில் புத்தகம் விற்றவரில்லை. நீங்கள் சொல்வது காதில் விழுந்தது என்பதற்கும் இங்கி. உங்கள் மனம் நோகக் கூடாது என்பதற்கும் இங்கி. மழை வருகிறது, வீட்டுக்குப் போங்கள் என்பதற்கும் இங்கி. எப்போதாவது ஆமாம் என்பதற்கும் அதேதான். சிரேகாரோ பதாக் ஆள். அவர் பிறந்த வடக்குச் சுமத்ராவில் வேண்டாம் என்றால் மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி வேண்டாம் என்பார்கள். ஜாவாவுக்கு வந்து இருபத்தாறு வருஷமாகியும், பாசாங்கு அவர் காதில் ஏறவில்லை.

புத்தகம் அச்சுக்குப் போகும் முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். "எறும்பு புத்தகம் போடறேன். ஒண்ணு வாங்கிப்பீங்களா?" என்று கேட்டார். ஐந்நூறு பேர் இங்கி சொன்னார்கள். ஐந்நூறு பிரதி அடித்தார்.

"சொன்ன ஆளுங்க கையிலயே கொண்டுபோய்க் குடுத்துட்டா ரூம் காலி," என்று வியாழன் மதியமே கைவண்டியில் நூறு எறும்பை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். முதல் வீடு துகிமினுடையது.

"ஐயா, நீங்க சொல்லி வச்ச புத்தகம்."

"அடடே. இங்கி, இங்கி. எவ்வளவு கனமா இருக்கு. அட்டையே அறிவா இருக்கு."

"எடுத்துக்கறீங்களா?"

"இங்கி. நாளன்னைக்கு எடுத்துக்கறேனே. இன்னைக்கு நாள் நல்லா இல்ல." வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல் ஒரு தார் வாழைப்பழத்தை வண்டியில் ஏற்றிவிட்டார்.

அடுத்த வீட்டில் நாளன்னைக்கும் பலாப்பழமும் கிடைத்தன. அதற்கடுத்த வீட்டில், கண்ணாடி உடைந்துபோய்விட்டது, பேரன் படிப்பு முடிந்து வந்ததும் வாங்குகிறோம் என்றார்கள். பேரனுக்கு வயது இரண்டு. தெருக்கோடியில் ஓர் அம்மாள் மட்டும் மறுக்க வார்த்தை கிடைக்காமல் தவித்து, அழாத குறையாக ஒரு சேவலைத் தூக்கிக் கொடுத்தாள்.

சாயங்காலம் வண்டி திரும்பியது. நூறு எறும்பு, நான்கு தார் வாழை, இரண்டு பலா, ஒரு சேவல். சேவல் இறங்கியதும் நேராகப் புத்தக அடுக்கின் உச்சியில் ஏறி உட்கார்ந்தது.

"உங்க புத்தகத்து மேல அதுக்காவது ஆசை வந்துச்சே," என்றாள் பூர்வாந்தி.

வெள்ளிக்கிழமை அடுத்த யோசனை. புத்தகத்தைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுவதற்கு இந்த ஊரில் 'புத்தக அறுவை' என்றே பெயர். நான் வைத்த பெயரில்லை. அவர்கள் மொழியிலேயே அப்படித்தான். தமிழருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். சிரேகார் தெருக் கூடத்தில் அறுவைக்கு ஏற்பாடு செய்தார். வந்தவர்களுக்குத் தின்பண்டப் பெட்டி உண்டு என்று அறிவிப்பில் சின்ன எழுத்தில் போட்டார். அறுபது பேர் வந்தார்கள். அந்தச் சின்ன எழுத்தை எல்லாருமே படித்திருந்தார்கள். அந்த வாரம் அவர் அச்சடித்ததில் முழுசாகப் படிக்கப்பட்டது அது ஒன்றுதான்.

முதல் பேச்சாளர் எறும்பின் ஆழத்தைப் பற்றிப் பேசினார். இரண்டாமவர் எறும்பின் உயரத்தைப் பற்றிப் பேசினார். மூன்றாமவர் எழுந்து, முன்னிருவரும் சொன்னதை மறுக்க எறும்பே வந்தாலும் முடியாது என்று உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் ஓய்வதற்குள் பெட்டிகள் தீர்ந்தன. பெட்டியோடு கூட்டமும் தீர்ந்தது.

மிஞ்சியவர்கள் மூன்று கவிஞர்கள். ஆளுக்கொரு சாக்கு வைத்திருந்தார்கள்.

"அண்ணே, உங்களை மாதிரி இலக்கியத்துக்காக உழைக்கிற பதிப்பாளர் வேற யாரு இருக்காங்க," என்றார் சாக்குகளில் பெரியதை வைத்திருந்தவர். "எங்க கவிதைத் தொகுப்பு கொஞ்சம் இருக்கு. உங்க எறும்பு பக்கத்துல வச்சு வித்துக் குடுங்க."

"எவ்வளவு இருக்கு?"

"மூணு பேருக்கும் சேர்த்து இருநூத்திப் பத்துதான். மெலிசு. எடமே அடைக்காது."

வேண்டாம் என்று மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இலக்கியம் என்ற சொல்லைக் கேட்டால் சிரேகார் உருகிவிடுவார். "ம்" என்றார். அன்று ராத்திரி பூர்வாந்தி சமையலறை ஜன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தாள்.

"பேப்பர்காரருக்குப் பெரிய வண்டியா எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை காலை சிரேகார் புத்தகச் சந்தைக்குப் போனார். அதன் பின்சந்தில் கள்ளப் பதிப்பு போடுகிற ஒருவர் கடை வைத்திருந்தார். நல்ல புத்தகம் எது வந்தாலும் மூன்றாம் நாள் அவர் கடையில் மங்கலான எழுத்தில் கிடைக்கும். கள்ளப் பதிப்பு வந்துவிட்டால் ஊர் முழுக்கப் பேசும், அசலைத் தேடி ஜனம் வாசலில் நிற்கும் என்பது சிரேகாரின் கணக்கு.

"எறும்பைத் திருடிக்குங்க," என்றார். "நான் கேஸ் போடமாட்டேன். எழுதி வேணும்னாலும் தரேன்."

கள்ளப் பதிப்பாளர் புத்தகத்தைக் கையில் வாங்கி எடை பார்த்து, முகர்ந்தும் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அவரும் சுமத்ரா பக்கத்து ஆள்தான்.

"அண்ணே, நாங்க திருடங்கதான். முட்டாளுங்க இல்ல."

"அப்ப என் பிரதியையே எடுத்துக்குங்க. கள்ளப் பதிப்புன்னு சொல்லி வித்துடுங்க."

"அசல் புத்தகமா? விஷயம் வெளிய தெரிஞ்சா என் பேரு என்ன ஆகிறது?"

சிரேகாரின் தோள் சரிந்ததைப் பார்த்ததும் அந்த மனிதருக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போய் நாற்பது புத்தகத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். "போன வருஷம் அவசரப்பட்டு ஒண்ணைத் திருடிட்டேன். ஒண்ணுகூடப் போகல. தொழில்ல சறுக்கினவன் வேதனை எனக்கும் தெரியும். வச்சுக்குங்க, வேண்டாம்னு சொல்லாதீங்க."

நாற்பதையும் சுமந்துகொண்டு சிரேகார் வீடு திரும்பியபோது மணி நான்கு. பேப்பர்காரர் வண்டியை வாசலில் நிறுத்தித் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூர்வாந்தி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

சிரேகார் மனைவியைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். முன்னறையைப் பார்த்தார். உச்சியில் சேவல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் அவருக்கு அது தோன்றியது.

"இருபது பேர் உட்காரணும், அவ்வளவுதானே?" என்றார்.

இருட்டுவதற்குள் அப்பாவும் மகளும் புத்தகத்தாலேயே சோபா கட்டினார்கள். எறும்பு அடித்தளமும் இருக்கையும் ஆனது. கவிதைகள் முதுகுக்கு. இலக்கியத்தில் முதல்முறையாகக் கவிதைமீது யாரோ சாயப் போகிறார்கள். கைவைக்கக் கள்ளப் பதிப்பு. மேலே பூர்வாந்தியின் பத்திக் சாயத்துணிகளை இழுத்து விரித்ததும், அரண்மனையில் இருக்க வேண்டிய சாமான் இங்கே எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றியது. பூர்வாந்தி ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். சோபா அசையவில்லை. பேப்பர்காரரைப் போகச் சொன்னாள். இருபத்தாறு வருஷத்தில் கணவரைப் பார்த்து அவள் சிரித்தது அது மூன்றாம் தடவை. சேவலைத்தான் எங்கேயும் காணவில்லை.

ஞாயிறு பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் இருபது பேர், தட்டுத் தட்டாகச் சீர் ஏந்தி வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை சேனோ தலையைக் குனிந்தபடி நடுவில் உட்கார்ந்தான். அவனுடைய பெரியப்பா ஜாவா முறைப்படி வானம், பூமி, நெல் என்று அரைமணி நேரம் சுற்றிவிட்டுப் பெண் கேட்கிற இடத்துக்கு வந்தார். அதுவரை சிரேகார் வாயைத் திறக்காததைப் பார்த்துப் பூர்வாந்திக்கே பயம் வந்துவிட்டது.

தட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். துணிமணி. பழங்கள். பசையரிசி இனிப்பு. கடைசித் தட்டைத் தூக்க மட்டும் மூன்று பேர் வேண்டியிருந்தது. ரோஜா நிறக் காகிதம் சுற்றி, மேலே நாடாப் பூ.

பிரித்தார்கள்.

பதினான்கு எறும்பு.

மாப்பிள்ளையின் அம்மா இரு கையும் கூப்பினாள். "சம்பந்தி தப்பா எடுத்துக்கக் கூடாது. எங்க வீடு சின்னது. இவன் ஞாயித்துக்கிழமை தவறாம உங்க பொண்ணுகிட்டப் போய் ஒண்ணு வாங்கிட்டு வந்துடறான். கட்டிலுக்கடியில எடமில்ல. பொண்ணு எங்க வீட்டுக்கு வர்றப்ப, இது உங்க வீட்டுக்கே வந்துடட்டும்னு தோணிச்சு."

நானூற்று எண்பத்தாறும் பதினான்கும் ஐந்நூறு. அச்சகத்திலிருந்து கிளம்பிய எறும்பு ஒன்றுவிடாமல் வீடு வந்து சேர்ந்துவிட்டது.

லஸ்மா தரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியும்ப்பா," என்றாள் மெல்ல. "வாராவாரம் நீங்க நோட்டுல எழுதற அழகைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

பதினான்கு வாசகர்கள் ஒருவராகச் சுருங்கினார்கள். இருந்தாலும் ஒருவர் இருக்கிறார், அதுவும் கைக்கெட்டும் தூரத்தில் என்று சிரேகார் மனசைத் தேற்றிக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் குரல் இவ்வளவு தாழ்ந்து அந்தத் தெரு கேட்டதில்லை.

"தம்பி. பதினாலு வேண்டாம். ஒண்ணு. அதுல ஒண்ணையாவது படிச்சீங்களா?"

சோபாவுக்குள்ளிருந்து சேவல் கூவியது.

சேனோ நிமிர்ந்து பார்த்தான். இதமாக, பணிவாக, ஜாவாவில் பிறந்த அத்தனை பிள்ளைகளையும்போலச் சிரித்தான்.

"இங்கி."

இருபத்தாறு வருஷமாக ஏறாதது அந்த ஒரு நொடியில் சிரேகார் காதில் ஏறியது. நோட்டில் இருந்த ஐந்நூறு இங்கியும் வரிசையாகக் கண்முன் நடந்துபோயின. அவர் மெதுவாக மகள் பக்கம் திரும்பினார்.

"லஸ்மா, இந்தப் பையனைக் கட்டிக்கிறதுல உனக்குச் சம்மதமா?"

"இங்கி," என்றாள் லஸ்மா.

"அதெல்லாம் வேண்டாம்," என்று சிரேகார் போட்ட சத்தத்தில் கவிதை முதுகு சரிந்தது. "எங்க ஊர்ப் பேச்சுல சொல்லு."

"ஆமாப்பா. சம்மதம். அவரைத்தான் கட்டிப்பேன்," என்று மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள் பெண். சிரேகார் நாற்காலியில் சாய்ந்து, அந்த வாரத்தில் முதல்முறையாக மூச்சு விட்டார்.

கல்யாணம் நடந்தது. விருந்துக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் தாம்பூலத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு எறும்பு கொடுத்தார்கள். கல்யாண வீட்டுப் பரிசை மறுக்க இந்த ஊரில் வழி கிடையாது. ஐந்நூறும் ஒரே மத்தியானத்தில் தீர்ந்துபோய், இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டதாகத் துகிமின் சொல்கிறார்.

எழுத உட்காருவதற்கு முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை துகிமினிடம் கேட்டுவிட்டேன். "ஐயா, இவ்வளவும் நிஜமாவே நடந்ததுதானே?"

அவர் வெற்றிலைப் பெட்டியை மூடிவைத்து, தலையைத் தாழ்த்தி, இதமாகச் சிரித்தார்.

"இங்கி," என்றார்.