நான் வேகம் கூட்டிய கம்ப்யூட்டர்

எனக்கும் மூளை இருக்கிறது என்பதை நிரூபித்தே தீருவது என்று ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முடிவு செய்தேன். கல்யாணமாகிப் பதினான்கு வருஷமாக அதற்குச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை.

தாராவியில் எங்கள் வீடு. மேலே குடித்தனம். கீழே எம்பிராய்டரி மெஷினும் அதற்கு டிசைன் போடும் பழைய கம்ப்யூட்டரும். டிசைன் போடுவது என் மனைவி முருகம்மாள். மெஷினுக்கு எண்ணெய் போடுவது நான். அந்தக் கம்ப்யூட்டர் ஒரு டிசைனைத் திறப்பதற்குள் நான் டீ குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். வைக்கிறேனா என்பது வேறு விஷயம்.

"இன்னைக்கு இதுக்கு வேகத்தைக் கூட்டப் போறேன்" என்றேன்.

"பன்னெண்டு மணிக்கு தாதர் பார்ட்டி வாராவ. ஸ்கூல் பேட்ஜ் டிசைன் இதுக்குள்ளதான் கெடக்கு. தொடாதீய."

"ஏட்டி, மூணு வீடியோ பாத்திருக்கேன். உள்ள ஒரு துடிப்பு இருக்கு, நூறு. அதை வச்சுத்தான் பிராசஸர் ஓடுது. அதை நூத்திப்பன்னெண்டு ஆக்குனா முடிஞ்சுது."

"அந்தத் துடிப்புல பிராசஸர் மட்டுந்தான் ஓடுதா?"

"மெமரி, ஹார்ட் டிஸ்க், எல்லாத்துக்கும் அதான் தாளம். காலையில நீ பாத்திரத்தை உருட்டுனா வீடே எந்திரிக்கில்லா? அது மாதிரி. ஒண்ணைக் கூட்டுனா எல்லாம் கூடும். ஃப்ரீ!"

"எல்லாம் தாங்குமா?"

"தாங்கலேன்னா ஒரு வருஷம் காலைத் தண்ணி நான் புடிக்கேன்!"

ஐந்து மணிக் குழாய், நான்கு டிரம். இதுவரை அது முருகம்மாள் இலாகா. அவள் உடனே பக்கத்து வீட்டு ஜுவைரியாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள்.

நூற்றுப்பன்னிரண்டு போட்டேன். பிராசஸர் ஓடத் தயார். ஹார்ட் டிஸ்க்குக்கு மூச்சு வாங்கிவிட்டது. 'டிஸ்க்கே இல்லை' என்றது திரை. பதறிப்போய் அணைத்துப் போட்டேன். இந்தத் தடவை மெமரியும் படுத்துக்கொண்டது. திரை முழுக் கருப்பு. போட்ட எண்ணைக் குறைக்கக்கூட உள்ளே போக முடியவில்லை.

"என்ன கருப்பா இருக்கு?" என்றாள் முருகம்மாள்.

"செட் ஆகுது. ஒரு மணி நேரம் ஆகும். யாரும் தொடக்கூடாது."

ரிப்பேர் பார்க்கும் ஜம்பு அண்ணன் கடைக்கு ஓடினேன். ஷட்டர் பந்த், பூட்டு தொங்கியது. ஆள் உல்லாஸ்நகர் போயிருக்கிறாராம். போன் எடுக்கவில்லை. வேறு இரண்டு கடைக்கு ஓடினேன். "சண்டே ஹை பாய்" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர் கிடையாதாம். பதினொன்றே முக்காலுக்கு, சொல்ல வேண்டிய பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டே திரும்பினேன்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது! பேட்ஜ் பாதி தைத்தாகிவிட்டது. திரையில் டிசைன் பளிச்சென்று நின்றது. எனக்குப் போன குரல் திரும்பி வந்தது.

"செட் ஆகணும்னு சொன்னேன்லா!" டிசைனை மூடித் திறந்து காட்டினேன். "பாரு! முன்ன மூணு நிமிஷம். இப்ப ஒண்ணரை கூட இல்ல. ஏக்தம் ராக்கெட்!"

"நெசமாவே வேகமா இருக்கா அண்ணே?" என்றாள் ஜுவைரியா.

"காது கேக்கலையா? மெஷினே வேகமாத் தைக்குது!"

அவள் திரையின் மூலையில் விரலை வைத்தாள். "அப்ப ஏன் தேதி ரெண்டாயிரத்துப் பன்னெண்டுன்னு காட்டுது?"

முருகம்மாள் நூலை வெட்டிக்கொண்டே சொன்னாள். "போன தீவாளிக்கு இது நின்னப்ப, ஜம்பு அண்ணன் உள்ள இருக்க குட்டி பேட்டரி செல்லைக் கழத்தி, செத்த நேரம் கழிச்சு மாட்டுனாவ. கூட்டுனது குறைச்சது எல்லாம் அழிஞ்சு பழைய நூறுக்கே வந்துரும். தேதியும் அழிஞ்சுரும். நீங்க அவருக்குப் பாடம் எடுத்துக்கிட்டு இருந்திய. நான் அவரு கையைப் பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு அதையேதான் செஞ்சேன்."

"தேதியை மாத்தி வச்சிருக்கலாம்லா?"

"நீங்க வந்து ராக்கெட்டுன்னு சொல்லுவியன்னு தெரியும். அதான் விட்டு வச்சேன்."

பிறகு ஜுவைரியா பக்கம் திரும்பினாள். "உங்க ரெண்டு டிரம்மையும் இங்கன கொண்டாந்து வையிங்க. ஒண்ணைக் கூட்டுனா எல்லாம் கூடும்லா. ஃப்ரீ!"

ஆக ஆறு டிரம். எனக்குக் கழற்றி மாட்ட செல்லும் கிடையாது.